பையனுக்கு வெர்னியர், பெண்ணுக்கு பில் புத்தகம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம். கோவை கணபதியில் உறவினர் ஒருவரின் லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். பம்பு ஷாஃப்ட் கடைசல் நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ போகும் மகன் அளந்து பார்த்து 25 மில்லிமீட்டர் என்றான். மூலையில் பில் எழுதிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். பத்தாவது முடித்தவள் அவள்தான். நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியரை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "24.96 அப்பா" என்றாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மணிக்குக் கணக்கு நன்றாக வருகிறது, பி.காம். சேர்த்துவிடலாம்" என்றார்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். யாரும் மறுப்பதில்லை, திட்டுவதில்லை. பட்டறை வேலைக்கான திறமையைப் பாராட்டிக்கொண்டே வண்டியை வேறு பாதையில் திருப்பிவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கும் தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியாது. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பது இப்படிப்பட்ட ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது.

அடுத்தது, பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்பதற்குச் சொல்லும் உடல் வலு என்ற சாக்கு. ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ வீடு கட்டும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து மாடி ஏறுபவர் சித்தாள், அதாவது பெண். கரணை பிடிப்பவர் கொத்தனார், கூலியும் அவருக்குத்தான் அதிகம். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் நின்ற பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கணினி வழி இயங்கும் சிஎன்சி மிஷினில் புரோகிராம் போட அவ்வளவு வலுகூட வேண்டாம்.

பையன்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது இன்னொன்று. ஆடை வடிவமைப்பு படிக்க ஆசைப்படுபவனிடம் "தையல் பெண் பிள்ளைகள் வேலை" என்கிறார்கள். சொல்பவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள்ளாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். தையல் மிஷின்கள் வரிசையாக இருக்கும் பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் தையல் அடிக்கும் ஆண்கள் எத்தனை பேர்! கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண்தான். டெய்லருக்கு உதவும் கைமடி வேலைக்கும், நூல் பிசிறு வெட்டவும் பெண்களைத் தேடுவார்கள். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்த பையனைக் கூட்டாளிகளே "சிஸ்டர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பதையும் கேட்டிருக்கிறேன். படுத்த படுக்கையான நோயாளியைப் புரட்டிப் போட வேண்டிய நேரத்தில் அந்தச் சிரிப்பு வராது.

'முதல் பெண்' கதைகளோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின் பொறியாளராகப் பட்டம் பெற்றது 1943இல். வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது 1993இல். இத்தனை வருடம் கழித்தும் கோவையில் ஒரு பெண் பஸ் ஓட்டினால் செய்தியாகிறது. பிள்ளைகளுக்குச் சாதனையாளரின் படம் போதாது. மாதச் சம்பளம் வாங்கி, கடன் கட்டி, ஞாயிற்றுக்கிழமை தூங்கும் சாதாரணப் பெண் ஃபிட்டர் ஒருவரை நேரில் காட்டுங்கள்.

பெண்ணைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப் பெற்றோர் படும் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண்களுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டே கூடாது என்று இன்னும் நம்புபவர்கள் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. அந்தத் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு, போக்குவரத்து, தனிக் கழிப்பறை போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. "பெண்ணுக்கு இந்த வேலை சரிப்படுமா" என்று கேட்பதை விட்டு, அந்த நிபந்தனைகள் அங்கே இருக்கின்றனவா என்று விசாரிக்கலாம்.

கணபதிப் பட்டறையில் நானும் விசாரித்தேன். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்றதும் உறவினர் சற்று விழித்தார். பிறகு, தெருவுக்கு எதிரே இருக்கும் தன் வீட்டைக் காட்டினார்.