சிறிய அவுட்போர்டின் ஆர்பிஎம்மை ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

5 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டை (படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை) பிரித்து ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, கூட்டப் பார்க்கிற புதியவர்கள், திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆயில் கலக்க மறப்பது, பிளக்கை இறுக்காமல் விடுவது மாதிரியான தவறுகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை இங்கே கிடையாது.

புரொப்பல்லரைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பது

உற்பத்தியாளர் 5,000–6,000 என்று குறித்திருக்க, முழு த்ராட்டிலில் மோட்டார் 4,700-லேயே நிற்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிட்சை, அதாவது புரொப்பல்லர் நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரத்தை. ஒரு அங்குலம் பிட்ச் குறைந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். கணக்கும் எளிது. கியர் விகிதம் 2.08, பிட்ச் 9 அங்குலம், இன்ஜின் 5,500 என்றால், தண்ணீரில் நழுவலே இல்லாதபோது படகு மணிக்கு 36 கி.மீ. போக வேண்டும். ஜிபிஎஸ் 30 காட்டினால் நழுவல் 17 சதவீதம். சிறிய படகுக்கு இது சாதாரணம். ஜிபிஎஸ் 22-தான் காட்டுகிறதென்றால் புரொப்பல்லர் பிளேடையும் மோட்டார் மாட்டியிருக்கும் உயரத்தையும் பாருங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.

டாக்கோமீட்டரின் செட்டிங்கைச் சரிபார்க்காமல் இருப்பது

பிளக் வயரில் சுற்றி மாட்டி ஆர்பிஎம் பார்க்கும் இந்த மீட்டரை ஃபோர் ஸ்ட்ரோக் செட்டிங்கில் விட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க் வரும் இன்ஜினில் அது இரட்டிப்பாகக் காட்டும்.

காற்றைத் திறந்துவிட்டு பெட்ரோலை அப்படியே விடுவது

இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். கார்புரேட்டரில் இருக்கும் ரெஸ்ட்ரிக்டரை (காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பை) கழற்றுகிறார்கள், முன்னால் இருக்கும் காற்றுப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள், பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டை மட்டும் தொடுவதில்லை. தண்ணீரில் இறக்கினால் மோட்டார் சுறுசுறுப்பாகப் பாய்கிறது, சத்தம் கூர்மையாகிறது, ஆர்பிஎம் ஏறியிருக்கிறது. வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். லீன் கலவையில், அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாதபோது, இன்ஜின் சீஸ் ஆவதற்கு (பிஸ்டன் இறுகி நிற்பதற்கு) சற்று முன்பு வரைக்கும் அருமையாகவே ஓடும். ஆளை ஏமாற்றுவது அதுதான்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுக்கு மூன்று வேலை: எரிவது, ஆயிலைச் சுமந்து வருவது, பிஸ்டனின் தலையைக் குளிரவைப்பது. கலவையில் அது குறைந்தால் மூன்றும் சேர்ந்தே குறைகின்றன. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலை சூடேறி விரிந்ததும் எக்ஸாஸ்ட் பக்கம் முதலில் உரசி, அலுமினியம் சிலிண்டர் சுவரில் இழுபடும். பின்பக்கம் கூலிங் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறதே என்று தைரியப்படாதீர்கள். அந்தத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றித்தான் ஓடுகிறது, பிஸ்டனைத் தொடுவதில்லை.

சரியான வழி, ரிச்சில் (பெட்ரோல் மிகுந்த கலவையில்) தொடங்கிக் கீழே இறங்குவது. இரண்டு சைஸ் பெரிய மெயின் ஜெட் போடுங்கள். விட்டத்தை வைத்து எண் குறிக்கும் கார்புரேட்டரில் 90-லிருந்து 95-க்குப் போனால் துளையின் பரப்பு 11 சதவீதம் கூடுகிறது; பார்க்கச் சிறிய மாற்றம், பலன் பெரிது. வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் ஓட்டும்போது மோட்டார் உச்ச வேகத்தில் கரகரவென்று திணற வேண்டும். பிறகு ஒவ்வொரு சைஸாகக் குறைத்து, திணறல் தீர்ந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கும் கீழே கிடைக்கும் 50 ஆர்பிஎம்முக்கு ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது பிளக். புதுப் பிளக் போட்டு ஒரு நிமிடம் முழு த்ராட்டில், உடனே த்ராட்டிலை மூடாமலே கில் ஸ்விட்ச் கயிற்றை இழுத்து அணைக்க வேண்டும். மெல்ல ஐடிலுக்கு இறக்கி அணைத்தால் ஐடிலின் நிறம்தான் கிடைக்கும். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்து, வெள்ளைப் பீங்கான் உள்ளே போய் உலோகத்தில் முடியும் அடிப்பகுதியைப் பாருங்கள். முனையின் நிறம் கணக்கில்லை. அடியில் மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் சரி. வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் லீன். பீங்கானில் மினுமினுக்கும் சாம்பல் புள்ளிகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கு மோட்டாரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஜெட் சரியாக இருந்தும் லீனாகலாம். முழு த்ராட்டிலில் ஓடும்போது இன்னொருவர் பெட்ரோல் குழாயில் இருக்கும் பிரைமர் பல்பை அழுத்தட்டும். ஆர்பிஎம் ஏறினால் பெட்ரோல் வந்து சேரவில்லை: டேங்க் மூடியின் காற்றுத் துளை, கனெக்டர் ஓ-ரிங், ஃபில்டர், ஃப்யூல் பம்ப் டயஃப்ரம் என்று வரிசையாகப் பாருங்கள். ஐடிலில் வேகம் இறங்காமல் தொங்கினால் ரீட் பிளாக் (கலவையை உள்ளே விடும் இதழ் வால்வுகள் இருக்கும் கட்டை) கேஸ்கெட்டிலோ கிராங்க் சீலிலோ காற்று புகுந்துகொண்டிருக்கலாம்.

பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூட்டுவது இன்னொரு பொறி. 5 லிட்டருக்கு 100 மி.லி. என்ற 50:1 கலவையை 200 மி.லி. ஆக்கினால், அதே ஜெட் வழியாக அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவாகவே போகும். இன்ஜின் இன்னும் லீனாகும். ஆயிலை மாற்றினால் ஜெட்டையும் திரும்பப் பாருங்கள்.

ஜெட்டை டிரில்லால் பெரிதாக்குவது

கூடாது. சைஸ் வாரியாகக் கிடைக்கிறது, வாங்குங்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டை அளக்காமல் ராவுவது

எரிந்த புகை வெளியேறும் இந்தத் துளையின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலே போர்ட் திறக்கும் நேரம் பல டிகிரி மாறிவிடும். உச்ச வேகத்தில் ஆர்பிஎம் கூடும், குறைந்த வேகத்தில் இழுவை போகும். ஆள் ஏறிய படகு பிளேன் ஆகாமல் (தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்காமல்) மூக்கைத் தூக்கியபடி உழன்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கிராங்க் சுழலும் கோணத்தை அளக்கும் டிகிரி வீல் மாட்டி, முதலில் இருக்கும் டைமிங்கைக் குறித்துக்கொண்ட பிறகே ஃபைலை எடுங்கள். முடித்ததும் விளிம்பைச் சுற்றிலும் சாய்த்து மழுக்க வேண்டும். கூராக விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும்.

ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பது

வேண்டவே வேண்டாம். அது தெறித்தால் ஆளைக் கொல்லும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்போடுவது

அது இல்லாவிட்டால் தண்ணீர் தடையின்றி ஓடி சிலிண்டர் குளிர்ந்து சுருங்கியிருக்கும், பிஸ்டன் சூடாக விரியும். இடைவெளி இரண்டு பக்கமும் குறைகிறது.

பழைய ரீட் வால்வை அப்படியே விடுவது

5,500-லிருந்து 6,500-க்கு ஏற்றினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் இழுக்கும் விசை ஏறத்தாழ 40 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ரீட் இதழும் அதே அவசரத்தில் திறந்து மூட வேண்டும். முடியாதபோது படபடத்து, கலவை கார்புரேட்டர் வழியாகத் திரும்பித் துப்பும். ஸ்டீல் இதழ் உடைந்தால் துண்டு கிராங்க் கேஸுக்குள்தான் விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இதழ் சீட்டில் படிந்திருக்க வேண்டும், ஓரத்தில் மயிரிழை விரிசல்கூட இருக்கக்கூடாது.

சுமையில்லாமல் முறுக்கிப் பார்ப்பது

ஸ்டாண்டில் மாட்டி, ஹோஸ் தண்ணீரில் முழு த்ராட்டில் கொடுத்து "எவ்வளவு போகிறது" என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளாதபோது இன்ஜினைத் தடுக்க எதுவுமில்லை. சில நொடிகளில் பேரிங்கும் ராடும் தாங்காத வேகத்துக்குப் போய்விடும். ஜெட்டும் அங்கே தெரியாது, பிட்சும் தெரியாது. ஹோஸில் ஐடிலுக்குச் சற்று மேலே வரை போதும். மீதியெல்லாம் படகில், சுமையோடு, கில் கயிறு கையில் மாட்டியிருக்கும்போது.