வேகத்தாலா ஜெயித்தார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்

2007 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பிளே-ஆஃப் முதல் சுற்றில், லீக் ஆட்டங்களில் 67 ஜெயித்திருந்த டல்லாஸை எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் 4-2 என வீழ்த்தியது. கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் டான் நெல்சனின் வேகமான ஓட்ட ஆட்டம்தான் காரணம் என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இப்படிப்பட்ட வாதத்தில் இறங்குமுன் ஸ்கோர் அட்டையை எடுங்கள்.

முதலில், பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்று பாருங்கள். ஷாட் முயற்சிகளில் அஃபென்சிவ் ரீபவுண்டை (தவறிய ஷாட்டைத் தன் அணியே மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் போடாமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற ஷாட்) முயற்சிகளை 0.44 ஆல் பெருக்கிச் சேருங்கள். உதாரணமாக 88 ஷாட், 10 ரீபவுண்ட், 14 டர்ன்ஓவர், 25 ஃப்ரீ த்ரோ என்றால் 103. வேகத்தை ஒப்பிடும்போது, ஓவர்டைம் போயிருந்தால் வழக்கமான 48 நிமிடத்துக்குச் சுருக்குங்கள். இதை மறந்தால் மந்தமான ஆட்டமும் வேகமாகத் தெரியும்.

அடுத்து, எடுத்த பாயிண்டை அந்த எண்ணால் (சுருக்குவதற்கு முன் இருந்தது) வகுத்து 100 ஆல் பெருக்குங்கள்; பந்து 100 முறை கிடைத்தால் எத்தனை பாயிண்ட் என்று தெரியும். பலரும் சறுக்குவது இங்கேதான். 115 பாயிண்ட் எடுத்தாலே நல்ல அட்டாக் என்று நினைத்துவிடுகிறார்கள். இரு அணிக்கும் பந்து ஏறக்குறைய சம தடவைதான் கிடைக்கும். வேகம் மட்டும் யாருக்கும் சாதகமில்லை.

கடைசியில் யார் யாரைத் தடுத்தார்கள் என்று வீடியோவில் பாருங்கள். அந்தத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் டல்லாஸின் டிர்க் நோவிட்ஸ்கி 13 ஷாட்டில் 2 தான் போட்டார். அவரைவிட உயரத்தில் குறைந்த கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் ஜாக்சன் ஒட்டி நின்று தடுத்ததை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.