சில்வர் டாலர் மீன் வாங்குவதற்கு முன்

கடையில் ரூபாய் நாணயம் அளவில் பளபளவென்று நீந்தும் குஞ்சுகளைப் பார்த்ததும் வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். சில்வர் டாலர் உள்ளங்கை அளவுக்கு, கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் வரை வளரும், நன்றாகக் கவனித்தால் பத்து வருடம்கூட இருக்கும், அதனால் நாலடிக்குக் குறைந்த தொட்டியில் தயவுசெய்து விடாதீர்கள்.

ஜோடியாக வாங்குவதும் தவறு. தென் அமெரிக்க ஆறுகளில் கூட்டமாகத் திரியும் மீன் இது. தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கி நிற்கும், திடீரென்று லைட்டைப் போட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதும், மூடி இல்லையென்றால் வெளியே குதித்துவிடும். ஐந்தாறு மீன்களாவது வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, ஒளிந்துகொள்ள இரண்டு மரக்கட்டைகளும் போட்டுவிட்டால் பயம் தானாகக் குறையும்.

ஆனால் எனக்கு அதிகம் வருத்தம் தருவது சாப்பாட்டு விஷயம்தான். இறைச்சி தின்னும் பிரானா மீனுக்குச் சொந்தம் என்று கேள்விப்பட்டு தினமும் புழுவும் இறாலுமாகப் போடுகிறார்கள். சொந்தம் என்பது உண்மை, ஆனால் இது முக்கியமாக இலைதழை தின்னும் கிளை. இதே குடும்பத்துப் பெரிய மீனான தம்பாக்கி, அமேசானில் வெள்ளம் பெருகிக் காட்டுக்குள் புகும்போது கூடவே உள்ளே போய், விழும் பழங்களைத் தின்னும், கெட்டியான ரப்பர் மர விதையைக்கூடப் பல்லால் உடைத்துவிடும், உடையாமல் வயிற்றுக்குள் போன விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய்க் கழித்து அங்கே மரம் முளைக்க வைக்கும். அப்படிப்பட்ட வம்சத்துக்குப் பசலைக்கீரை, வெள்ளரித் துண்டு, தோலுரித்த பட்டாணி, ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி, இவைதான் அன்றாடச் சாப்பாடு. புழுவெல்லாம் எப்போதாவது போதும். கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம், நன்றாக அலசி, வெந்நீரில் ஒரு முறை போட்டு எடுத்து, ஆறவைத்துக் கொடுங்கள். அப்புறம், ஆசையாக நட்டு வளர்த்த செடித்தொட்டியில் இதை விடவே விடாதீர்கள், மிச்சம் வைக்காது. இலை தடித்த அனுபியாஸ் ஒருவேளை தப்பும்.

இன்னொரு தவறு, இதே குடும்பத்துப் பாக்கு (pacu) என்ற மீனின் குஞ்சை ஏதோ சின்ன ரகம் என்று நம்பி வாங்குவது. மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று கிலோ கணக்கில் விற்கிறார்களே, அந்த மீன்தான் அது. வீட்டுத் தொட்டியில் அடங்காது. அடங்கவில்லை என்று ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 2018 வெள்ளத்தில் கேரளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி ஆறுகளுக்குள் போன அயல் மீன்களில் இதுவும் ஒன்று. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.