கால்வாய்க் கரையில் ஆபீஸ் போக: ஈசிஆர் சைக்கிளைப் பெட்டி கட்டாதீர்கள்

லண்டன், பர்மிங்காம் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பும் சென்னைக்காரர்களுக்கு இது. வீடு கால்வாய்க்குப் பக்கத்தில் அமைந்தால் பஸ், ரயில் செலவு மிச்சம். பக்கிங்ஹாம் கால்வாயை நினைத்து மூக்கைப் பொத்த வேண்டாம். அங்கே, அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன கரையில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது. ரீஜென்ட்ஸ் கால்வாய் மட்டுமே பேடிங்டனிலிருந்து லைம்ஹவுஸ் வரை சுமார் 14 கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை; நடந்து போகிறவருக்கு முதலில் வழி விட வேண்டும், அவ்வளவுதான்.

கையைச் சுடுவது ஒரே விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை மகாபலிபுரம் வரை பறந்த ரோடு பைக்கை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவது, அல்லது அங்கே போய் அதே மாதிரி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் பிடிப்பது. அதில் இருப்பது 25 மி.மீ. டயர். கால்வாய்ப் பாதையில் இருப்பது சரளை, சேறு, மரவேர், பாலத்துச் சரிவில் குதிரைக்குப் பிடிப்புக்காகத் தூக்கிப் பதித்த கல்வரிசை. கல் விளிம்பில் மோதினால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

டயரை மாற்றிவிட்டால் போச்சு என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ரிம்மை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும் காலிப்பர் பிரேக் வைத்த ரேஸ் ஃபிரேமில் பெரும்பாலும் 28 மி.மீ.க்கு மேல் நுழையாது. மட்கார்டு போட்டால் அதுவும் சந்தேகம். மட்கார்டு இல்லாவிட்டால் சட்டை முதுகில் சேற்றுக் கோடு விழுவது சின்ன விஷயம். முன் சக்கரம் வாரி இறைக்கும் மணல் செயினைத் தின்னும், பிரேக் கட்டையில் ஒட்டி ரிம்மை அரைக்கும். கடைசியில் இன்னொரு சைக்கிள் வாங்குவதுதான் வழி.

அதனால் கியர் எத்தனை என்று கேட்பதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி, பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்களுக்கு நடுவே, சீட்டுக்குக் கீழே பின் பிரேக் இருக்கும் இடம்: மூன்றிலும் 50 மி.மீ. அகலம் வேண்டும். 35 மி.மீ. டயரும் 45 மி.மீ. மட்கார்டும் அப்போதுதான் உரசாமல் உட்காரும். சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மட்கார்டு கம்பி மாட்ட ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் பொருந்துவது பெரும்பாலும் டிஸ்க் பிரேக் வைத்த சாதாரண ஹைப்ரிட்தான் (ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் இடைப்பட்ட ரகம்). பார்க்க வெறும் ஆபீஸ் வண்டி, இருக்கட்டும்.

டயரில் கஞ்சத்தனம் கூடாது. கரையோர வேலிகளில் ஹாதார்ன் என்ற முள்செடி உண்டு. வேலியை வெட்டிவிடும் மாதங்களில் முள் பாதையெல்லாம் கிடக்கும். நம் கருவேல முள்ளுக்குக் குறைந்ததல்ல. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் உள்ளே 5 மி.மீ. ரப்பர் பட்டை இருக்கிறது. கனம்தான், ஆனால் முள் டியூபைத் தொடாது. காற்றை, டயர் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்த அளவை ஒட்டியே வையுங்கள்.

பாதை சமதளம், ஏற்றம் வருவது படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளிடமும் பாலத்திலும்தான். பின் சக்கர அச்சுக்குள்ளேயே கியர் இருக்கும் மூன்று கியர் ஹப் தாராளம். ஹேண்டில்பார் 620 மி.மீ.க்குள் இருக்கட்டும். மவுண்டன் பைக்கின் 740 மி.மீ. பார், பாலத்தடியில் எதிரே குழந்தை வண்டி வந்தால் உங்களைத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளும். பல இடங்களில் விளக்கு கிடையாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இருட்டியபின் ரோட்டில் சட்டப்படி கட்டாயம்; கரையிலும் அது வேண்டும்.

பழைய வண்டி என்றால் பெடல் அச்சுக்கு அடியிலுள்ள ஃபிரேம் நம்பரை, சைக்கிள்களைப் பதிவு செய்யும் பைக்ரெஜிஸ்டர் தளத்தில் திருட்டு வண்டியா என்று போட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். பூட்டு, சோல்ட் செக்யூர் என்ற பூட்டுச் சோதனை அமைப்பின் கோல்டு தரத்தில் இருக்கட்டும்.

இங்கேயிருந்து டயர், டியூப் வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பழைய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு ரிம் விட்டம் 635 மி.மீ.; அங்கே ஓடும் 700சி ரிம் 622. அந்த 700சி டயரிலும் சில சமயம் 28 என்றே அச்சிட்டிருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று மாட்டாது. ஓரத்தில் 37-622 (டயர் அகலம், ரிம் விட்டம்) என்பதுபோல எழுதியிருப்பதை மட்டும் நம்பி, அங்கேயே வாங்குங்கள்.