எக்ஸ்கவேட்டரில் கூலன்ட் மாற்றும்போது வெளியே வராத தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்

எக்ஸ்கவேட்டர், லோடர், டோசர் எதுவானாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை மாற்றும் முறை ஒன்றுதான். முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், அது கம்பெனி போடும் சாயம். மெஷினின் கையேடு சொல்லும் வகையா, டப்பாவில் கனரக எஞ்சின் கூலன்டுக்கான தர எண் ஏஎஸ்டிஎம் டி6210 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கார் கூலன்ட் வேண்டவே வேண்டாம். பெரிய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளையின்) வெளிப்பக்கம் நேராகக் கூலன்டில்தான் நிற்கும். பிஸ்டன் மோதி லைனர் அதிரும்போது அங்கே நுண்குமிழ்கள் உருவாகி உடைந்து, இரும்பைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். இதைத் தடுக்கக் கார் கூலன்டை நம்ப முடியாது. துளை முழுதாக விழுந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிடும்.

1. கேபின் ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் அடியிலுள்ள வடிகால் வால்வு, எஞ்சின் பிளாக்கிலுள்ள பிளக் இரண்டையும் திறந்து வடியுங்கள். பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். மூடியுள்ள கேனில் பிடியுங்கள்.

2. தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். கடைசி முறை டிஸ்டில்டு வாட்டர்தான். குழாய்த் தண்ணீரின் குளோரைடும் சுண்ணாம்பும் உள்ளே தங்கக் கூடாது.

3. பலரும் சறுக்கும் இடம் இது. கடைசியாக வடிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். மொத்தக் கொள்ளளவு 40 லிட்டர், வடிந்தது 28 என்றால், 12 லிட்டர் தண்ணீர் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் நிற்கிறது. அதன் மேல், பாதி தண்ணீர் கலந்தே வரும் 50:50 ப்ரீமிக்ஸ் 28 லிட்டர் ஊற்றினால், உறையாமல் காக்கும் கிளைகால் 14 லிட்டர்தான் சேரும், அதாவது 35 சதவீதம். அதனால் கழுவிய மெஷினுக்கு ப்ரீமிக்ஸை விட, தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்தான் சரி. இந்தக் கணக்குக்கு, சுத்தமான டிரம்மில் மொத்தத்தில் பாதியான 20 லிட்டர் கான்சன்ட்ரேட்டையும் 8 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று கை தாராளமாகப் போக வேண்டாம். 50 சதவீத எத்திலீன் கிளைகால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைகாலோ மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், சூட்டையும் குறைவாகவே கடத்தும்.

4. மெதுவாக ஊற்றுங்கள். நிமிடத்துக்கு 19 லிட்டரைத் தாண்டினால் உள்ளே காற்று சிக்கும். மூடி போடாமல் லோ ஐடிலில் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள்.

5. ஒரு ஷிஃப்ட் ஓடி ஆறியபின் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற ஒளிமானியில் கிளைகால் அளவைப் பாருங்கள். மிதவை வைத்த மலிவு டெஸ்டரை நம்பாதீர்கள். எத்திலீன் கிளைகாலுக்கும் புரோப்பிலீன் கிளைகாலுக்கும் தனித்தனி அளவுகோடு உண்டு, மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: லைனர் அரிப்பைத் தடுக்கும் நைட்ரைட்டின் அளவைக் காட்டும் சோதனை ஸ்ட்ரிப் பூஜ்ஜியம் காட்டினால், உடனே எஸ்சிஏ (கூலன்டில் கூடுதலாகச் சேர்க்கும் ரசாயனம்) ஊற்றிவிடாதீர்கள். நைட்ரைட் இல்லாத ஓஏடி (கரிம அமில வகை) கூலன்டில் பூஜ்ஜியம்தான் வரும். அதற்குரிய ஸ்ட்ரிப்பையோ ஆய்வகச் சோதனையையோ நாடுங்கள். குறைந்த மட்டத்தை நிரப்பவும் அதே வகைக் கூலன்டின் 50:50 கலவைதான், வெறும் தண்ணீர் அல்ல.