பழைய சின்னக் காருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள்: ரேடியேற்றர் கழுவிக் கூலன்ற் நிரப்பும் முறை

வீட்டுக் கேத்தலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாய்ப் படை பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாய்க் கழரும். அதே தண்ணீரைத்தான் நம்மில் பலர் காரில் எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேற்றருக்கும் விடுகிறோம். கேத்தலைப் புளி போட்டு விளக்கிவிடலாம். ரேடியேற்றருக்குள் இருப்பவை ஓரிரண்டு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தட்டைக் குழாய்கள். அங்கே கையும் போகாது, பிரஷும் போகாது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணற்றில் ஊறுவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். தீவுப்பகுதி என்றால் உப்பும் சேரும். சுண்ணாம்பு சூட்டில் படிந்து குழாயை அடைக்கும், உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் காலத்தில் இது பெரிய பிழையாகத் தெரியவில்லை. அவற்றின் எஞ்சின் உடலான புளொக்கும் இரும்பு, அதன் மேல்மூடியான ஹெட்டும் இரும்பு. தொண்ணூறுகளில் பெற்றோலைத் துளியாய் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியபோதும் தாக்குப்பிடித்தவை அவை. அந்த வண்டிகளோடு பழகிய கைப்பழக்கம்தான் இன்றைக்கு அல்டோவையும் விற்ஸையும் கெடுக்கிறது. இவற்றின் ஹெட் அலுமினியம். ஒருமுறை வடிவாகச் சூடேறினாலே வளைந்துவிடும். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. உங்கள் கைக்கு வந்த காருக்கு முந்தியவர்கள் என்ன தண்ணீர் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வாங்கிய கிழமையே செய்யவேண்டிய முதல் வேலை இது. சீற் கவரும் ஸ்பீக்கரும் பிறகு பார்க்கலாம்.

வாங்கி வைக்கவேண்டியவை

கூலன்ற் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். காரின் கையேட்டில் அதன் கொள்ளளவு இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 லீற்றர். கணக்குக்கு 4 லீற்றர் என்று வைப்போம். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ற் 2 லீற்றர் வாங்குங்கள். கலந்தே விற்கும் போத்தலும் உண்டு. அது இந்த வேலைக்கு ஏன் சரிவராது என்பதைக் கீழே சொல்கிறேன். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் 8 லீற்றர். கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும். புது ரேடியேற்றர் மூடி ஒன்று. பழைய மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும், அதே எண்ணுள்ளதைத்தான் வாங்கவேண்டும். இவற்றோடு ஒரு அகன்ற பேசின், குறடு, பழந்துணி.

மூடியைச் சின்னச் சாமான் என்று நினைக்கவேண்டாம். சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கார் கொதிக்கும்.

வடித்துக் கழுவுதல்

காரைச் சமதரையில் விட்டு இரவு முழுக்க ஆறவிடுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிதண்ணீர் முகத்துக்கு அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

காலையில் மூடியைக் கழற்றி, ரேடியேற்றரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பல கார்களில் அது பிளாஸ்ரிக். இறுகியிருந்தால் குறட்டால் மல்லுக்கட்டாமல், கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைச் சாதுவாக முறுக்கி எடுங்கள். கீழே பேசின். வருவதை உற்றுப் பாருங்கள், இந்த வேலையின் பாதி இங்கேதான். தெளிந்த பச்சை அல்லது சிவப்பு என்றால் முந்தியவர் நல்ல மனிசன். தேத்தண்ணி நிறம் என்றால் உள்ளே கறள். பேசின் அடியில் மணல்போல வெள்ளைத்துகள் தங்கினால் அது சுண்ணாம்பு. மேலே எண்ணெய் மினுங்கினால், அல்லது பால்தேத்தண்ணி போலக் கலங்கியிருந்தால் நிறுத்துங்கள். ஒயிலும் தண்ணீரும் கலக்கிறது, புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கற் போயிருக்கக்கூடும். அது கராஜ் வேலை, கழுவித் தீராது.

வடிகாலை மூடி, தண்ணீர் நிரப்புங்கள். கழுவுகிற முதல் இரண்டு தடவைக்குக் குழாய்த் தண்ணீரே போதும், அது உள்ளே தங்கப்போவதில்லை. ஹீற்றர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, மேல் ஹோஸ் கைக்குச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். சூடானால், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை மறித்துவைக்கும் தேர்மோஸ்ரற் என்ற வால்வு திறந்து, புளொக்குக்குள் இருக்கும் அழுக்கும் சுற்றுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டு இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் ரேடியேற்றரை மட்டும்தான் கழுவுவீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசித் தடவைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்.

ஆறும் இடைவெளியில் சேமிப்புப் போத்தலைக் கழற்றிக் கழுவுங்கள். அதன் அடிச் சேற்றை விட்டுவைத்தால் முதல் ஓட்டத்திலேயே உள்ளே இழுபடும். ஹோஸ்களை அமத்திப் பாருங்கள்: பிசுபிசுவென்று ஊதியிருந்தாலும், அமத்தும்போது நறநறத்தாலும் மாற்றவேண்டும். கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருந்தால் அதுதான் ஒழுகும் இடம். நிலத்தில் சொட்டுத் தெரியாவிட்டாலும், சூட்டில் ஒழுகி அங்கேயே காய்ந்திருக்கும்.

நிரப்புதல்

எவ்வளவு வடித்தாலும் ஒரு லீற்றர் அளவு தண்ணீர் புளொக்குக்குள் தங்கிவிடும். கலந்த கூலன்றை விட்டால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துப்போகும். அதனால்தான் கெட்டிக் கூலன்ற். 4 லீற்றர் கொள்ளளவு என்றால் முதலில் 2 லீற்றர் கூலன்றை முழுதாக விடுங்கள், பிறகு மிச்சத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் நிரப்புங்கள். கணக்குத் தானாகப் பாதிக்குப் பாதி வரும். நமக்குப் பனி உறையும் பயம் இல்லையே, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கறளைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், வோட்டர் பம்பின் சீலைக் காப்பதும் அதுதான்.

மெதுவாக ஊற்றுங்கள். மூடி இல்லாமலே எஞ்சினை 10, 15 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், மட்டம் இறங்கும், திரும்ப நிரப்புங்கள். ஃபான் ஒருமுறை சுற்றி நின்றதும் வாய்வரை நிரப்பிப் புது மூடியைப் போடுங்கள். சேமிப்புப் போத்தலில் இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்கட்டும். அடுத்த நாள் காலை, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து பாருங்கள். அநேகமாக இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இதை மறப்பவர்கள்தான் "கூலன்ற் போட்டபிறகுதான் சூடேறுது" என்று குறை சொல்பவர்கள்.

வடித்த கூலன்ற் இனிக்கும், நஞ்சு. நாயோ கோழியோ குடிக்க விடாதீர்கள், வளவில் ஊற்றவும் வேண்டாம். நம் நிலத்தில் கீழே ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். போத்தலில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

பிறகும் சூடேறினால்

எப்போது ஏறுகிறது என்பதுதான் கேள்வி. ரயில் கடவையிலோ கஸ்தூரியார் வீதி நெரிசலிலோ நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபானில் பிழை. ஏ.சி. போட்டதும் ஃபான் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, வயர் பிளக் என்ற வரிசையில் பாருங்கள். எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி நேராக ஓடும்போது ஏறினால் ஃபான் அல்ல. ரேடியேற்றர் அடைத்திருக்கும், அல்லது தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்காது. காலையில் ஸ்ரார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் கல்லுப்போல இறுகினால், வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைந்தால், கேஸ்கற்றைச் சந்தேகியுங்கள்.

தேர்மோஸ்ரற்றை வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய சட்டியில் தண்ணீர் விட்டு, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பெரும்பாலானவை 82 அல்லது 88 பாகையில் திறக்கத் தொடங்கும். எண் அதிலேயே பொறித்திருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காதது குப்பைக்கு. "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறியும் கராஜ் பாஸ்மாரும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கொம்பியூற்றர் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறதென்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிவிடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்குவழியால் சுற்றி, சூடும் கூடும்.

வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து ஓரங்கட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி 45 நிமிடமாவது ஆறவிடுங்கள். சுடும் ஹெட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வளைவு, வெடிப்பு. ஆறியபின் கையில் இருக்கும் எந்தத் தண்ணீரையும் விடலாம், கிணற்றுத் தண்ணீர் உட்பட. வீட்டுக்கு வந்து திரும்ப வடித்தால் சரி.

மற்றவை, சுருக்கமாக

எஞ்சின் ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஃபில்ரரோடு. அல்டோ போன்றவைக்கு மூன்று லீற்றருக்குள் முடியும். டிப்ஸ்ரிக்கில் மேல் கோட்டைத் தாண்டவேண்டாம். செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் காரின் எயார் ஃபில்ரரை ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் தட்டிப் பாருங்கள். பற்றரி, ஓய்வில் 12.6 வோல்ற், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை, குறைந்தால் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரனேற்றரையும் அதன் பெல்ற்றையும் பாருங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

கடலுக்கு நடுவே தீவுப்பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் போய்வருபவர்களுக்குக் கறள்தான் எதிரி. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் அடித்துக் கழுவுங்கள். கதவுகளின் அடியில் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை மண்ணால் அடைத்தால் மாரிமழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று, உள்ளிருந்து தகரத்தைத் தின்னும்.