‘பட்டையா ஒண்ணு போடுங்கண்ணே’

கடலூரில் எந்த டயர் கடையில் நின்றாலும் காதில் விழுகிற வசனம் இது. நானும் சொன்னவன்தான். என் 150 சிசி வண்டிக்குப் பின்னால் கம்பெனி கொடுத்தது 100/90-17 டயர் (முதல் எண்தான் அகலம், மில்லிமீட்டரில்). அதைக் கழற்றிவிட்டு 120/80-17 போட்டேன். பார்க்க மிரட்டலாக இருந்தது. மறுநாள் பாண்டி போகும்போது ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ரப்பர் கருகுகிற நாற்றம். இறங்கிப் பார்த்தால், செயின் கவரில் டயர் உரசுகிறது.

உரசலைத் தட்டிச் சரிசெய்தாயிற்று. வளைவுதான் சரியாகவில்லை. வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று விழுவதுபோல் சாயும். காரணம் ரிம். குறுகின ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். ஐந்து மாதம் ஓட்டியும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன; தேய்ந்தது நடுப்பட்டை மட்டும். காசு கொடுத்து வாங்கின அகலம் ரோட்டைத் தொடவே இல்லை! மைலேஜும் குறைந்தது. ஒரு சைஸ் ஏற்றலாமா என்பதைக் கண்ணாடியில் தெரிகிற அழகு சொல்லாது, ரிம்மின் அகலம்தான் சொல்லும்.

அடுத்த தப்பு, டயரின் வயசைப் பார்க்காமல் வாங்குவது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடை வாசலில் வெயிலில் தொங்கியே ரப்பர் இறுகிப்போன டயரை ‘ஆஃபர்’ என்று தள்ளிவிடுவார்கள். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டிகள், புதுசாகத்தான் இருக்கும், பிடிப்பு இருக்காது. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற அப்பாவின் வண்டிக்கும் இதே கதைதான்: பட்டன் தேயாது, ரப்பர் இறுகிவிடும்.

‘மழை முடியட்டும், மாத்திக்கலாம்’ என்பது நம்ம ஊரில் செய்யவே கூடாத கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு டயரே தேவைப்படுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரோட்டில் நின்ற தண்ணீர் ஞாபகம் இருக்கும். பட்டன் இடுக்கு வழியாகத்தான் டயர் தண்ணீரை வெளியே தள்ளும். அந்த இடுக்குக்குள் சின்னத் திட்டுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டை என்று அர்த்தம். ஸ்டைலுக்காகக் கட்டிக் கட்டியாகப் பட்டன் வைத்த மண் ரோட்டு டயரை ஈசிஆரில் ஓட்டுவதும் இதே வகைதான்: ஈரத் தாரில் படுகிற ரப்பர் குறைவு.

பின் டயரை மட்டும் மாற்றிவிட்டு முன்னதை மறந்துவிடாதீர்கள். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால்தான் சாய்கிறது. டியூப் போட்டு வந்த கம்பி வீலுக்கு டியூப் டயர்தான். டியூப்லெஸ் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள 55P போன்ற குறியும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. 55 என்றால் 218 கிலோ பாரம், P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் குனிந்து டயரில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். திருப்பி மாட்டுகிற பையன்கள் உண்டு. காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் அடியுங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காமல், ஈர ரோட்டில் திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.